குப்பைமேட்டு நிலம் மற்ற மனைபோல் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பழைய குப்பைக் கிடங்குகளை மீட்டுக் குடியிருப்பு கட்டுவது பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். "குப்பையை அள்ளிவிட்டால் அதுவும் மற்ற மனை போலத்தான், சென்னையில் நிலநடுக்க பயமும் இல்லை" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறார் கட்டுரையாளர். மற்ற பகுதிகளை அக்கறையோடு எழுதியவர் இந்த வரியை எப்படி விட்டார் என்ற வருத்தம்தான் இக்கடிதம்.

நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டட வடிவமைப்புக்கான இந்திய நெறிமுறை ஐ.எஸ். 1893, 2002இல் திருத்தப்பட்டபோதே சென்னை இரண்டாம் நிலநடுக்க மண்டலத்திலிருந்து அபாயம் கூடிய மூன்றாம் மண்டலத்துக்கு ஏற்றப்பட்டதைத் தாங்கள் அறிவீர்கள். அதற்கு முந்தைய ஆண்டு குஜராத்தின் பூஜ் நடுக்கத்தில், மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் விழுந்தன. தூரம் மட்டும் காப்பாற்றாது. காலடி மண்ணும் உறுதியாக இருக்க வேண்டும். ஒருமுறை ஆடித் திரும்ப ஒரு நொடி எடுக்கும் கட்டடத்துக்குப் பாறையில் கணக்கிடும் நிலநடுக்க விசை 1 என்றால், இளகிய மண்ணில் 1.67 என்று அதே நெறிமுறை சொல்கிறது.

அந்த மண்ணை எப்படிச் சோதிக்கிறோம்? 63.5 கிலோ சுத்தியலை 75 செ.மீ. உயரத்திலிருந்து விழவிட்டு, குழாய் 30 செ.மீ. இறங்க எத்தனை அடி என்று எண்ணுகிறோம். அதுதான் 'என்' மதிப்பு. குப்பை கலந்த நிலத்தில் இந்த எண் ஏமாற்றும். கான்கிரீட் துண்டில் குழாய் முட்டினால் 40 என்று பதிவாகும். அரை மீட்டர் கீழே சுத்தியலின் எடைக்கே குழாய் தானாக இறங்கும். மேலே எடுத்தால் புடவைக் கிழிசலும் ரப்பர் செருப்பும் கறுத்த சேறுமாக வரும். இரண்டையும் கூட்டிச் சராசரி போட்டு 'நடுத்தர மண்' என்று எழுதிய அறிக்கைகள் உண்டு. நீர்மட்டத்துக்குக் கீழே இளகிய மணல் இருந்தால், அது நடுக்கத்தில் குழம்பாகாமல் இருக்க, மூன்றாம் மண்டலத்தில் 5 மீட்டர் ஆழம் வரை 15, 10 மீட்டருக்குக் கீழே 25 என்ற 'என்' மதிப்பு வேண்டும். இல்லையென்றால் மண்ணை இறுக்க வேண்டும், அல்லது உறுதியான அடுக்குவரை பைல் (தரைக்கடியில் இறங்கும் அடித்தளத் தூண்) இறக்க வேண்டும்.

'அள்ளிவிட்டோமே' என்பார்கள். அள்ளிய பள்ளத்தை எதைக் கொண்டு நிரப்பினார்கள்? சல்லடையில் விழுந்த மண்ணையே திரும்பக் கொட்டினால் அதில் பிளாஸ்டிக் துணுக்கும் மக்காத கரிமப் பொருளும் இருக்கும். 20, 30 செ.மீ. அடுக்குகளாகப் பரப்பி, ஒவ்வொன்றையும் உச்ச அடர்த்தியில் 95 சதவீதம்வரை இறுக்கிச் சோதிக்காமல் லாரியிலிருந்து சாய்த்துவிட்டுப் போனால் அது ஆண்டுக்கணக்கில் அமுங்கும். அமுங்கும் மண் பைலைத் தாங்காது, கீழே இழுக்கும். நடுக்கத்தின்போது இளகிய அடுக்கும் கெட்டி அடுக்கும் சேரும் இடத்தில்தான் பைல் ஒடியும். அங்கே கம்பி குறைந்திருந்தால் பிறகு பார்க்க வழியே இல்லை.

எரிவாயுவைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல்கூட இல்லை. மண் அமுங்க, பைல் மேல் நிற்கும் தளம் அப்படியே நிற்க, இடையில் ஒரு வெற்றிடம் உண்டாகும். மிச்சக் குப்பையின் மீத்தேன் அங்கே சேரும். காற்றில் 5 சதவீதம் சேர்ந்தாலே வெடிக்கும் வாயு அது. தளத்தின் அடியில் ஜல்லிப் படுகை, துளையிட்ட குழாய், மொட்டைமாடிவரை வாயுவை வெளியேற்றும் போக்கிக் குழாய், குழாய்கள் சுவரைத் துளைக்கும் இடங்களில் வளைந்து கொடுக்கும் இணைப்பு ஆகியவை வேண்டும். விறைப்பான இணைப்பு நடுக்கத்தில் முதலில் முறியும். அந்த விரிசல் வழியாகத்தான் வாயு வீட்டுக்குள் வரும்.

மூடிய கிடங்கை 15 ஆண்டு கண்காணித்து, வாயுவும் குப்பையிலிருந்து வடியும் கசிவுநீரும் வரம்புக்குள் இருந்தால்தான் குடியிருப்புக்குப் பரிசீலிக்கலாம் என்று 2000ஆம் ஆண்டு நகராட்சித் திடக்கழிவு விதிகளே சொல்லின. 2016 விதிகள் மண்ணின் உறுதியையும் சேர்த்தன. அள்ளிய நிலத்துக்கு இது பொருந்தாது என்று வாதிடுவோர், அந்த மூன்று சோதனைகளையாவது செய்துகாட்டட்டும். சுற்றுச்சூழல் அனுமதியோ 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடத்துக்குத்தான். அதிலும் 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை கட்டடத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பிலிருந்து விலக்கு அளித்துவிட்டது. நிலநடுக்கம், மண் அமுங்கல் பற்றி அனுமதி விண்ணப்பம் கேட்கும் கேள்விக்கு 'மூன்றாம் மண்டலம், நெறிமுறைப்படி வடிவமைக்கப்படும்' என்ற ஒற்றை வரி போதும் என்றாகிவிட்டது. அந்த வீட்டில் குடியேறப் போகிறவருக்கு அதைக் கேள்வி கேட்க எந்த இடமும் இல்லை.

சென்னையை அடுத்த மவுலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். அன்று நிலம் நடுங்கவில்லை. அதன் பிறகும் மண் அறிக்கையை வீடு வாங்குகிறவர் கண்ணில் காட்டும் வழக்கம் வரவில்லை. பத்திரிகைகளும் கேட்பதை நிறுத்திவிட்டன. இதை மனவருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

தங்களிடம் வேண்டுவது இவ்வளவுதான்: அந்த ஒரு வரிக்கு, அதே பக்கத்தில், ஒரு திருத்தம் வெளியிடுங்கள். இடமிருந்தால், இத்தகைய நிலத்தில் வீடு வாங்குவோர் ஒவ்வொரு சோதனைத் துளையின் மண் பதிவையும் மீத்தேன் அளவீட்டையும் கேட்டு வாங்க வேண்டும் என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
கட்டுமானத் துறை வாசகர் ஒருவர், சென்னை