ஃபாலோயர்களையும் கூட்டிக்கொண்டு வீடு மாறலாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

சமூக ஊடகங்களுக்கு மாற்று என்ன என்று போன ஞாயிறு வந்த கட்டுரையில், ஒரே கம்பெனியிடம் இல்லாமல் பலரும் தங்கள் தங்கள் கணினிகளில் (சர்வர்) தனித்தனியாக நடத்தும் மஸ்டோடன் என்ற சமூக ஊடகத்துக்கு நான்கே வரிதான் ஒதுக்கியிருந்தீர்கள், அதையும் 'அங்கே நண்பர்களைக் கண்டுபிடிப்பது சிரமம்' என்று முடித்துவிட்டீர்கள். சிரமம்தான், நானும் பட்டிருக்கிறேன். ஆனால் ஏன் சிரமம் என்று சொல்லாமல் விட்டதால், நல்ல விஷயம் ஒன்று வாசகர்களுக்குத் தெரியாமலே போய்விட்டதே என்று வருத்தமாக இருக்கிறது.

ஃபேஸ்புக்கிலோ எக்ஸிலோ நான் ஒருவரை ஃபாலோ செய்தால் அந்தக் கம்பெனியின் ஏட்டில் ஒரு வரி ஏறும், அவ்வளவுதான். மஸ்டோடனில் அப்படி எல்லாருக்கும் பொதுவான ஒரே ஏடு கிடையாது. நான் ஒரு சர்வரில் இருக்கிறேன், வேளச்சேரியில் மொட்டை மாடியில் மழை அளக்கும் நண்பர் இன்னொரு சர்வரில் இருக்கிறார். நான் பொத்தானை அழுத்தியதும் என் சர்வர் அவருடைய சர்வருக்கு ஒரு விண்ணப்பம் அனுப்புகிறது, அங்கிருந்து 'சரி' என்று பதில் வந்த பிறகுதான் தொடர்பு உறுதியாகிறது (கணக்கைப் பூட்டி வைத்திருப்பவர் என்றால் அவரே பார்த்து அனுமதிக்க வேண்டும்). இரண்டு சர்வரும் அதைத் தத்தம் ஏட்டில் குறித்துக்கொள்கின்றன, அப்புறம் அவர் எழுதுவதையெல்லாம் அவருடைய சர்வரே என் சர்வருக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது. ஆக்டிவிட்டிபப் என்ற இந்த நடைமுறையை, வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2018 ஜனவரியில் பரிந்துரைத்தது.

இதனால்தான் புதிதாக வருபவர்கள் குழம்புகிறார்கள். என் சர்வரில் அதுவரை யாருமே ஃபாலோ செய்யாத ஒருவரைத் தேடிப் போனால் அவர் பக்கம் பெரும்பாலும் வெறிச்சென்று இருக்கும், ஃபாலோயர் பட்டியலும் அரைகுறையாகத் தெரியும். என் அக்கா 'இவர் எழுதுவதையே நிறுத்திவிட்டார் போல' என்று நினைத்து வெளியே வந்துவிட்டார். அந்த மனிதர் தினமும் எழுதுகிறார், அவருடைய சர்வரில் போய்ப் பார்த்தால் எல்லாம் இருக்கிறது.

சரி, இவ்வளவு சுற்றுக்கு என்ன பலன்? 2011 ஜனவரியிலிருந்து நாடு முழுக்க செல்போன் நம்பரை மாற்றாமலே கம்பெனியை மாற்ற முடிகிறதே, கிட்டத்தட்ட அது மாதிரி. இங்கே முகவரி மாறும், ஆட்கள் கூடவே வருவார்கள். புதிய கணக்கில் பழைய கணக்கும் என்னுடையதுதான் என்று பதிந்துவிட்டு, பழைய கணக்கிலிருந்து இடமாற்றம் கொடுத்தால், ஃபாலோயர்களின் சர்வர்களுக்கெல்லாம் தகவல் போய் அவர்கள் தானாகவே புதிய கணக்கைத் தொடர ஆரம்பிப்பார்கள். பழைய பதிவுகள் மட்டும் கூட வராது. நாம் ஃபாலோ செய்பவர்களின் பட்டியலை நாமே சிஎஸ்வி என்ற அட்டவணைக் கோப்பாக இறக்கிப் புதிய இடத்தில் ஏற்ற வேண்டும்.

ஆனால் இதெல்லாம் பழைய சர்வர் உயிரோடு இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை, நான் பட்டுத் தெரிந்துகொண்டது இது. நான் இருந்த சின்ன சர்வரை நடத்தியவர்கள் மூடப்போவதாக முன்கூட்டியே அறிவித்திருக்கிறார்கள், அந்த வாரம் அம்மாவோடு ஆஸ்பத்திரியில் இருந்ததால் நான் பார்க்கவில்லை. திரும்பி வந்தபோது பக்கமே திறக்கவில்லை. முந்நூறு பேருக்கு மேல் தொடர்பு விட்டுப்போனது, பாதிப் பேரின் முழு முகவரிகூட எனக்கு ஞாபகம் இல்லை.

இன்னொன்று, ஒரு சர்வரின் நிர்வாகி வேறொரு சர்வரை முழுசாகத் தடை செய்தால் இரண்டு பக்கமும் இருப்பவர்களின் தொடர்புகள் அறுந்துபோகும். இரண்டு அபார்ட்மென்ட் சங்கங்கள் சண்டை போட்டுக்கொண்டால் அங்கே விளையாடும் பிள்ளைகள் பிரிய வேண்டியிருக்கிறதே, அதேதான். 2024-ல் வந்த மஸ்டோடன் 4.3-லிருந்துதான் இப்படித் தொடர்பு அறுந்ததை நமக்கு அறிவிப்பாகச் சொல்கிறார்கள். அதனால் எந்த சர்வரில் சேர்கிறோம், அதை யார் நடத்துகிறார்கள் என்று பார்த்துச் சேருங்கள். ப்ளூஸ்கை என்ற இன்னொரு சமூக ஊடகத்தில் ஏற்பாடு வேறு, நாம் யாரைத் தொடர்கிறோம் என்பது நம் கணக்கின் சொந்தப் பதிவேட்டிலேயே இருக்கும், யார் வேண்டுமானாலும் அதைப் பார்க்கவும் முடியும்.

இதற்கெல்லாம் நான் ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறேன் என்றால், 2015 டிசம்பர் வெள்ளத்தில் எந்தத் தெருவுக்குப் படகு வேண்டும், யாருக்குச் சாப்பாடு வேண்டும் என்று முகம் தெரியாதவர்கள் ட்விட்டரில் சேதி கடத்தியதை இந்த ஊர் பார்த்திருக்கிறது. அப்படி உண்டான பழக்கங்கள் ஒரு கம்பெனியின் தயவில் இருக்க வேண்டாம் என்று மனதார விரும்புகிறேன்.

உங்களிடம் ஒரு கோரிக்கை. பிபிசி 2023-ல் சோதனை முயற்சியாகத் தன் பெயரிலேயே ஒரு மஸ்டோடன் சர்வர் தொடங்கியது. நீங்களும் உங்கள் இணைய முகவரியில் ஒன்று தொடங்கினால், கணக்கு உங்களுடையதுதானா என்ற சந்தேகமே வராது, எந்த சர்வரில் இருப்பவரும் அங்கிருந்தே உங்கள் மழைச் செய்திகளைத் தொடரலாம். ஐப்பசி மழைக்குள் முடிந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பெரம்பூர், சென்னை–11