இழைப்புளியை எடுக்க விடாதே

அன்புள்ள சொக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் போடாதது என் தப்புதான். ஆச்சிக்கு முழங்கால் வலி தேவலையா? மற்ற சங்கதியெல்லாம் பிறகு. கதவு விஷயம் மட்டும் காத்திருக்காது.

கதவு கீழே தட்டுகிறதென்று ஆசாரியை வைத்து அடிப்பக்கத்தை இழைக்கப் போகிறாயாமே? வேண்டாமப்பா! அது பர்மாத் தேக்கு. இழைத்ததைத் திரும்ப ஒட்டவா முடியும்? முகப்புக் கதவைப் போலக் கீல் இல்லாமல், மேலும் கீழும் குழியில் செருகிய குடுமியில் சுற்றுவதென்றால் பேச்சே வேறு. இது பிற்பாடு கீல் வைத்து மாட்டியது. தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லில் அரைவட்டமாகக் கோடு விழுகிறதென்று நீயே எழுதியிருக்கிறாய். கைப்பிடிப் பக்கம் கதவைத் தூக்கிப் பார். மேல் கீல் நிலையோடு ஒட்டி, விட்டதும் ஒரு நூல் அளவு (அரைக்கால் அங்குலம்) விலகினால் ஸ்குரு ஓட்டைதான் தேய்ந்திருக்கிறது. கதவின் பாரம் மேல் கீலை வெளியே இழுக்கும், கீழ்க்கீலை உள்ளே அழுத்தும். அதனால் முதலில் மரை போவது மேலேதான்.

பருமனான ஸ்குரு வாங்கி முறுக்காதே. தலை கீலின் குழியில் உட்காராமல் துருத்தும், கதவு மூடாது. மரத்தூளைப் பெவிகாலில் குழைத்து அடைப்பதும் வீண். அதில் நார் இல்லை, மரை பிடிக்காது.

கதவுக்கு அடியில் ஆப்பு கொடுத்து நிறுத்திவிட்டு, மேல் கீலை மட்டும் கழற்று. ஸ்குருத் தலை வழுக்கினால் சைக்கிள் டியூப் துண்டை இடையில் வைத்து அழுத்தித் திருப்பு. ஓட்டையில் எண்ணெய் இருந்தால் ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிடு, இல்லாவிட்டால் பசை ஒட்டாது. தேக்குச் சிம்பையோ மூங்கிலையோ பென்சில் முனைபோலச் சீவி, பெவிகாலில் தோய்த்து, இனி இறங்காது என்கிறவரை தட்டி இறக்கு. மறுநாள் வரை தொடாதே.

காய்ந்ததும் உளியால் மட்டமாகச் சீவி, 3 மி.மீ. பிட்டால் நட்டநடுவில் துளை போடு. 4 அங்குலக் கீலுக்கு 8-ஆம் நம்பர் ஸ்குரு; நம்பர் என்பது பருமன். பழசு 1¼ அங்குலம் இருக்கும். அதே நம்பரில் 2 அங்குலம் போட்டால் நுனி புது மரத்தைக் கடிக்கும். துளையும் அந்த ஆழத்துக்குப் போகட்டும். பித்தளை ஸ்குரு என்றால் முதலில் அதே அளவு இரும்பு ஸ்குருவை ஏற்றிக் கழற்று. பிறகு பித்தளைக்குச் சோப்புத் தடவி ஏற்று. நேரே ஏற்றினால் தேக்கில் கழுத்து ஒடியும், உள்ளே நின்ற துண்டை எடுப்பது பெரும்பாடு. கடைசி இரண்டு சுற்று கையால்தான். மெஷின் ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றினால் போட்ட மரை அங்கேயே அரைபட்டுவிடும்.

ஆசாரி வருவதற்குள் இந்தக் கடிதம் கிடைக்கவேண்டுமே என்று கவலையாக இருக்கிறது. வந்துவிட்டால் மேல் கீலை முதலில் காட்டு.

அன்புடன்,
உன் நாச்சி