பயணத் தடையை முந்தின நாள் சாயங்காலமே போடுங்கள்

ஈரி கவுன்டி நிர்வாகத்துக்கும் பஃபலோ மாநகராட்சிக்கும்,

வணக்கம். இதையே ஆங்கிலத்திலும் உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். படிப்புக்கும் வேலைக்கும் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் இந்தப் பக்கம் வந்து குடியேறிக்கொண்டிருக்கும் நம் ஆட்களும் படிக்கட்டும், முடிந்தால் அவர்களும் உங்களைக் கேட்கட்டும் என்றுதான் தமிழில் எழுதுகிறேன்.

நான் கேட்பது ஒன்றுதான். ஏரிப் பனிப்புயல் வரப்போகிறது என்று தெரிந்துவிட்டால் பயணத் தடையை முந்தின நாள் சாயங்காலமே அறிவித்துவிடுங்கள். காலையில் எல்லோரும் வேலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு அறிவிக்காதீர்கள்.

நான் பஃபலோவை ஒட்டிய சீக்டவாகா பக்கம் ஒரு கிடங்கில் காலை ஷிஃப்ட்டைப் பார்த்துக்கொள்கிறேன். ஷிஃப்ட் 6 மணிக்கு. புயல் எச்சரிக்கை இருக்கும் நாளில் விடியற்காலை நாலு மணியிலிருந்தே ஃபோன் அடிக்கத் தொடங்கிவிடும். எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி, இன்னிக்கு வரணுமா? மேலே கேட்டால் எனக்கு வரும் பதிலும் எப்போதும் ஒன்றுதான், தடை போட்டிருக்கிறார்களா, இல்லையே, அப்படியென்றால் திறக்கிறோம். வராதவருக்கு அன்றைய கூலி இல்லை. அதோடு போகாது, வராததற்குத் தண்டனையாக அவர் கணக்கில் ஒரு பாயின்ட் ஏறும், பாயின்ட் சேர்ந்தால் வேலையும் போகும். மணிக் கூலிக்கு வேலை பார்ப்பவர், வீட்டு வாடகை ஒன்றாம் தேதி கட்டவேண்டியவர், என்ன செய்வார்? வண்டியை எடுப்பார்.

நீங்கள் வெளியிடும் அறிவிப்பு இரண்டு வகை. ஒன்று அறிவுரை: அவசியமில்லாமல் வெளியே போகாதீர்கள். இன்னொன்று தடை: போனால் சட்டப்படி தப்பு. காகிதத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. வேலைக்குப் போகிறவனுக்கு இது வானத்துக்கும் பூமிக்கும் உள்ள வித்தியாசம். அறிவுரை என்றால் "அவசியம்" எது என்று முடிவு செய்வது முதலாளி. தடை என்றால் முடிவு செய்வது நீங்கள். அந்த முடிவை ராத்திரியே எடுக்காமல் விட்டால், விடியற்காலை நாலு மணிக்கு அதை எங்கள் மேனேஜர் எடுத்துவிடுகிறார்.

2022 டிசம்பர் 23, வெள்ளிக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால். தேசிய வானிலைச் சேவை பல நாட்களுக்கு முன்பிருந்தே சொல்லிக்கொண்டிருந்தது, இது தலைமுறைக்கு ஒருமுறை வரும் புயல் என்று. அன்று விடியற்காலை வெளியே பார்த்தால் வெறும் மழை. குளிர்கூட அவ்வளவு இல்லை, ரோடு கறுப்பாக ஈரமாகக் கிடந்தது, மெல்லிய ஜாக்கெட்டோடு வேலைக்கு வந்தவர்கள் நிறையப் பேர். ஒன்பது மணி வாக்கில் காற்று மாறியது, வெப்பநிலை மளமளவென்று இறங்கியது, கொஞ்ச நேரத்தில் ஜன்னல் வழியாகப் பார்த்தால் வாசலில் நிற்கும் என் காரே தெரியவில்லை. உங்கள் தடை 9.30-க்கு அமலுக்கு வந்தது. அறிவித்ததற்கும் அமலுக்கு வந்ததற்கும் நடுவில் ஒரு மணி நேரம்கூட இல்லை. அந்த நேரத்தில் ஊரில் இருக்கும் காலை ஷிஃப்ட் முழுக்க வேலையில்தான் இருந்தது. அதாவது, வேலைக்கு வரும்போது தடை இல்லை, வீட்டுக்குப் போகும்போது தடை!

சிலர் கிளம்பிப் போனார்கள், மற்றவர்கள் கிடங்கிலேயே தங்கினோம். அட்டைப் பெட்டிகளைப் பிரித்துத் தரையில் விரித்துப் படுத்தோம், சாப்பாட்டுக்கு வெண்டிங் மெஷின், அதுவும் சாயங்காலத்துக்குள் காலி. கிளம்பிப் போனவர்களில் ஒருவர், கால் மணி நேரத்தில் போய்ச் சேரவேண்டிய வீட்டுக்கு மறுநாள்தான் போனார். ராத்திரி முழுக்க ஒரு பெட்ரோல் பங்க் கடைக்குள், சிப்ஸ் அடுக்குக்கும் கழிவறைக் கதவுக்கும் நடுவில், முன்பின் தெரியாதவர்களோடு உட்கார்ந்திருந்திருக்கிறார். அவர் அதிர்ஷ்டசாலி. விமான நிலையத்தில் பதிவான கணக்குப்படி அந்தப் புயல் நிற்காமல் 37 மணி நேரம் அடித்தது, 50 அங்குலத்துக்கு மேல் பனி விழுந்தது, இந்த வட்டாரத்தில் 40 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். சிலர் காருக்குள், சிலர் தெருவில், சிலர் கரண்ட் போய்ச் சூடு இல்லாத வீட்டுக்குள், சிலர் ஆம்புலன்ஸ் வரமுடியாமல், சிலர் பனி அள்ளும்போது மாரடைப்பில். நகருக்குள் இறந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ், போலீஸ் கார் எல்லாம் மாட்டிக்கொண்டு, மீட்கப் போனவர்களையே இன்னொருவர் போய் மீட்க வேண்டியதாயிற்று. பனி தள்ளும் வண்டிகள் ஏன் தெருக்களுக்குள் நுழைய முடியவில்லை? நடுரோட்டில் விட்டுப்போன கார்கள்தான் காரணம். அந்தக் கார்கள் காலையில் வீட்டு வாசலிலேயே நின்றிருந்தால்?

இரவு ஷிஃப்ட் முடிந்தவர்கள் வீடு திரும்பட்டும் என்று காத்திருந்ததாக அப்போது விளக்கம் சொன்னீர்கள். நியாயமான கவலைதான், அதைக் கிண்டல் செய்ய மாட்டேன். ஆனால் அதற்கு வழி தடையைத் தள்ளிப்போடுவது இல்லை. வியாழக்கிழமை சாயங்காலமே சொல்லியிருந்தால் இரவு ஷிஃப்ட்டே நடந்திருக்காது. பிறகு மாநகராட்சி கேட்டு நியூயார்க் பல்கலைக்கழகம் செய்த ஆய்விலும் தடை தாமதமாக வந்ததைக் குறையாகச் சொல்லியிருக்கிறார்கள். நான் புதிதாக எதையும் கண்டுபிடித்துச் சொல்லவில்லை.

உங்களுக்கு இது தெரியாததும் இல்லை. அதற்கு ஒரு மாதம் முன்னால், 2022 நவம்பரில் வந்த புயலில் வியாழக்கிழமை இரவே தடை போட்டீர்களே. அந்தத் தடவை ஆர்ச்சர்ட் பார்க், ஹாம்பர்க் பக்கம் 6 அடிக்கு மேல் பனி, டிசம்பரைவிட அதிகம். ஆனாலும் டிசம்பரில் நடந்த மாதிரி நடக்கவில்லை. காற்று குறைவு, குளிர் குறைவு என்று நீங்கள் சொல்லலாம், சரி, அதுவும் உண்மை. ஆனால் ரோட்டில் ஆட்களும் குறைவு.

புதிதாக வந்திருக்கும் நம் ஆட்களுக்காக இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன், இது தெரியாவிட்டால் மீதி புரியாது. ஈரி ஏரி தென்மேற்கிலிருந்து வடகிழக்காக 390 கிலோமீட்டர் வாக்கில் நீண்டு கிடக்கிறது. அதன் கிழக்கு முனையில் பஃபலோ. நவம்பர், டிசம்பரில் தண்ணீர் இன்னும் ஓரளவு சூடாகவே இருக்கும், அதன் மேல் கனடாப் பக்கத்துக் குளிர்காற்று ஏரியின் முழு நீளத்துக்கும் ஓடி வந்தால், வழியெல்லாம் ஈரத்தை வாங்கிக்கொண்டு வந்து கரையில் கொட்டும். கொட்டுவது ஒரு பட்டையாக. பத்து, இருபது, முப்பது கிலோமீட்டர் அகலம், அவ்வளவுதான். பட்டைக்குள் மணிக்கு இரண்டு மூன்று அங்குலம், சில நேரம் இடியோடு. பட்டைக்கு வெளியே வெயில். 2014 நவம்பரில் சில தெற்குப் பகுதிகளில் 7 அடி வரை விழுந்தது. நெடுஞ்சாலையில் கார்கள் நாள் கணக்கில் மாட்டிக்கிடந்தன. அதே நேரம் வடக்கே ஆம்ஹர்ஸ்டில் இருந்தவர்கள் சாதாரணமாகக் கடைக்குப் போய்வந்தார்கள். ஆகவே ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், போகும் வழி முழுவதையும் ரேடார் படத்தில் பாருங்கள். அப்புறம் ஏரி ஆழம் குறைவு, சராசரி 19 மீட்டர்தான், பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரியில் உறைந்துவிடும், உறைந்தால் ஏரிப் பனி அடங்கும். அடங்கும் என்று நம்பி உட்காரவும் முடியாது. 1977 ஜனவரியில் ஏரி உறைந்துதான் இருந்தது, அந்த உறைந்த ஏரியின் மேல் கிடந்த பனியைக் காற்று அள்ளிக்கொண்டு வந்து ஊரை மூடியது. இங்கே வயதானவர்கள் எந்தப் புயலையும் அந்த 77-ஓடு ஒப்பிட்டு "இதெல்லாம் ஒரு புயலா" என்பார்கள். அந்த வீரத்தைத் தயவுசெய்து கற்றுக்கொள்ளாதீர்கள்.

மீண்டும் உங்களிடம் வருகிறேன். முன்கூட்டியே தடை போட உங்களுக்கு இருக்கும் தயக்கம் எனக்குப் புரிகிறது. பட்டை பத்து மைல் தள்ளி விழுந்துவிட்டால்? கவுன்டி முழுக்கக் கடையை மூடிவிட்டு வெயிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால்? வியாபாரிகள் உங்களைக் கிழித்துத் தொங்கவிடுவார்கள். எங்கள் தமிழ்நாட்டிலும் இது உண்டு. மழைக்காலத்தில் கலெக்டர் முந்தின நாள் ராத்திரியே பள்ளிக்கு விடுமுறை அறிவிப்பார், விடிந்தால் சுள்ளென்று வெயில் அடிக்கும், ஊரே அவரைக் கலாய்க்கும். மறுபடி அடுத்த எச்சரிக்கைக்கும் அவர் விடுமுறை விடத்தான் செய்வார். 2023-இல் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னை உட்பட 4 மாவட்டங்களுக்கு டிசம்பர் 4-ஆம் தேதியைப் பொது விடுமுறையாக முன்பே அறிவித்தார்கள். வெள்ளம் வந்தது, கஷ்டமும் வந்தது, அதை மறைக்கவில்லை. ஆனால் அன்று காலை ஆபீஸ் போகணுமா வேண்டாமா என்று லட்சக்கணக்கானவர்கள் தவிக்கவில்லை. கலாய்ப்பது ஒரு நாளில் போய்விடும்.

கவுன்டி முழுக்கத் தடை போடத் தயக்கமாக இருந்தால் ஊர் வாரியாகப் போடுங்கள். முன்பு அப்படிச் செய்தும் இருக்கிறீர்கள். சாயங்காலம் 6 மணிக்கு ஒரு அறிவிப்பு வரட்டும்: நாளை காலை 4 மணியிலிருந்து இந்தந்த ஊர்களில் தடை, ராத்திரி பட்டை நகர்ந்துவிட்டால் விலக்கிக்கொள்வோம். போட்ட தடையை விலக்குவதால் யாரும் சாகப்போவதில்லை. மருத்துவமனை, முதியோர் இல்லம், கரண்ட் வேலை, பனி தள்ளும் வேலை, இவர்களுக்கு விலக்கு என்று பட்டியலையும் நவம்பருக்கு முன்பே எழுதி வெளியிடுங்கள். கிடங்கு அதில் இல்லை என்று தெளிவாக இருக்கட்டும், ஏனென்றால் எங்கள் கம்பெனியைக் கேட்டால் தோட்டத்து நாற்காலியும் அத்தியாவசியப் பொருள்தான்.

இன்னொரு விஷயம். ஒவ்வொரு தடவையும் "சில நாட்களுக்கு வேண்டியதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்" என்கிறீர்கள். கையில் காசும் வாசலில் காரும் இருப்பவர்களுக்கு நல்ல யோசனை. வெள்ளிக்கிழமை சம்பளம் வாங்கி வெள்ளிக்கிழமையே அரிசியும் பாலும் வாங்குகிறவர்களுக்கு? நகரின் கிழக்குப் பகுதியில் பலருக்கு நடந்து போகும் தூரத்தில் பெரிய கடையே இல்லை. அந்த டிசம்பர் 23 காலை அவர்களில் பலர் வெளியே வந்தது ஊர் சுற்ற இல்லை. அங்கே வங்காளதேசத்துக் குடும்பங்கள் நிறைய, மேற்குப் பக்கம் பர்மாவிலிருந்து வந்தவர்கள், காங்கோ, சோமாலியாக்காரர்கள் நிறைய. ஃபோனில் வரும் எச்சரிக்கை அவர்கள் மொழிகளிலும் வரட்டும். ஆங்கிலம் தெரிந்த பையன் வீட்டில் இல்லாத நேரத்தில்தான் அது வந்து சேர்கிறது.

எச்சரிக்கையில் எழுதுவதைக் கொஞ்சம் விவரமாகவும் எழுதுங்கள். "வெப்பக் குழாயைச் சுத்தமாக வையுங்கள்" என்றால் யாருக்குப் புரியும்? எங்கள் வீட்டுப் பக்கச் சுவரில், தரையிலிருந்து இரண்டடி உயரத்தில், வெள்ளை பிளாஸ்டிக் குழாய் இரண்டு நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்று வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸுக்குக் காற்று இழுப்பது, இன்னொன்று புகை விடுவது. காற்று சுவரோரம் பனியைக் குவித்தால் முதலில் புதைவது அவைதான். அடைத்தால் பல வீடுகளில் ஃபர்னஸ் தானாக நின்றுவிடும், நிற்காவிட்டால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் வரும், அதற்கு வாசனையும் கிடையாது. பக்கத்து வீட்டுப் பாட்டி என்னிடம் சொன்னது "சூடு வரலை" என்று மட்டும்தான். இடுப்பளவுப் பனிக்குள் கையைவிட்டுத் துழாவி, அந்தக் குழாயின் வாயிலிருந்து கட்டியாகிப்போன பனியை விரலால் நோண்டி எடுத்த பிறகுதான் ஃபர்னஸ் மறுபடி கிளம்பியது. ஒரு படம் போட்டு விளக்கினால் போதும், இதற்குப் பெரிய பட்ஜெட் வேண்டாம்.

1985 புயலின்போது மேயராக இருந்த ஜிம்மி கிரிஃபின், வீட்டுக்குள்ளேயே இருங்கள், ஒரு சிக்ஸ் பேக் பீரை வைத்துக்கொண்டு ஃபுட்பால் பாருங்கள் என்றாராம். இன்றுவரை ஊரே அதைச் சொல்லிச் சிரிக்கிறது. எனக்கென்னவோ, அவர் சொன்னதில் ஒரு குழப்பமும் இல்லை என்றுதான் படுகிறது.

தடை எந்தெந்த நிலையில், எத்தனை மணிக்குள் அறிவிக்கப்படும் என்ற விதியை அக்டோபர் முடிவதற்குள் எழுத்தில் வெளியிடுங்கள். தடை நாளில் வராதவருக்குப் பாயின்ட் போடக்கூடாது என்று ஒரு வரியைக் கவுன்டி சட்டமன்றத்தில் விவாதத்துக்காவது எடுத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் பொதுமக்கள் பேசும் நேரத்தில் நேரில் வந்து கேட்கிறேன். எங்கள் ஷிஃப்ட்டிலிருந்து இன்னும் சிலரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், கூட்டம் மதியத்துக்கு மேல் என்றால் எங்களுக்குச் சௌகரியம்.

இப்படிக்கு,
சீக்டவாகாவிலிருந்து ஒரு காலை ஷிஃப்ட்காரன்