வரைபடமின்றி வரும் சொற்பட்டியல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணினியே மொழிபெயர்த்துவிடுவதால் தொழில்நுட்ப ஆவணங்களை மொழிமாற்றுவதில் இனிச் சிக்கலே இல்லை என்ற கருத்து அண்மைக் காலமாகப் பலராலும் எழுதப்படுகிறது. இத்தாலிய வாகனப் பொறியியல் ஆவணங்கள் ஆங்கிலத்துக்கு மாற்றப்படும் விதத்தைக் கவனித்து வருபவன் என்ற முறையில் இதை என்னால் ஏற்க இயலவில்லை.

அந்தப் பணியில் அரிய சொற்களால் பெரும்பிழை நேர்வதில்லை. அறியாத சொல்லைக் கண்டால் எவரும் அகராதியைப் புரட்டிவிடுவர். யாருக்கும் ஐயம் எழாத எளிய சொற்களே காலை வாருகின்றன. ‘கொப்பியா’ என்ற இத்தாலியச் சொல் டார்க் எனப்படும் முறுக்குவிசையையும் குறிக்கும், ஒன்றோடொன்று பொருந்திச் சுழலும் இரு பற்சக்கரங்களையும் குறிக்கும். ‘கொப்பியா கோனிகா’ என்று முழுமையாக எழுதியிருந்தால் அது, இருபுறச் சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பகிர்ந்தளிக்கும் டிஃபரன்ஷியலுக்குச் சுழற்சியைக் கடத்தும் பற்சக்கர இணை என்று தெரிந்துவிடும். உதிரிபாகப் பட்டியலில் இடம் போதாமல் வெறும் ‘கொப்பியா’ என்று சுருக்கப்பட்டு, படமும் இல்லாமல் வந்து சேரும்போது, மனிதராயினும் கணினியாயினும் ஊகிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

‘பாஸ்ஸோ’ இன்னும் விசித்திரமானது. திருகின் அடுத்தடுத்த இரு புரிகளுக்கு இடையிலுள்ள தொலைவுக்கும் அதுவே பெயர், வாகனத்தின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலுள்ள தொலைவுக்கும் அதுவே பெயர். முன்னது ஆங்கிலத்தில் பிட்ச், பின்னது வீல்பேஸ். பக்கத்திலுள்ள எண்ணைப் பார்த்தால் புரிந்துவிடாதா என்று கேட்கலாம். இத்தாலியர்கள் பதின்மத்துக்குக் காற்புள்ளியையும் ஆயிரத்தைப் பிரிக்கப் புள்ளியையும் இடுபவர்கள். 2007இல் வெளிவந்த ஃபியட் 500 காரின் வீல்பேஸ் 2300 மில்லிமீட்டர். அவர்கள் வழக்கப்படி எழுதினால் அது 2.300 ஆகும். ஆங்கில வாசகர் அதை இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் என்றே படிப்பார். ஒரு திருகுப்புரிக்கு அது நம்பத்தக்க அளவுதான். எண் உதவிக்கு வராதது மட்டுமன்று, தவறான பொருளுக்குச் சாட்சியும் சொல்லிவிடுகிறது.

குதிரைத்திறனிலும் இதே கதை. இத்தாலியரின் ‘சி.வி.’ 735.5 வாட்; ஆங்கிலேயரின் ஹெச்.பி. ஏறத்தாழ 745.7 வாட். லம்போர்கினி அவென்டடோர் எல்.பி. 700-4 என்ற காரின் பெயரிலுள்ள 700, சி.வி. கணக்கிலானது, ஹெச்.பி.யில் அது ஏறத்தாழ 690தான். மாற்றாமல் அப்படியே விட்டுவிடலாம் என்றால், ஆங்கிலப் பணிமனைகளில் சி.வி. என்பது சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் ஒரு வகை மூட்டின் பெயர்.

முன்சக்கரத் திருப்பச்சின் சாய்வான காஸ்டரை இத்தாலியர் ‘இன்சிதென்ட்ஸா’ என்பர். இதை ஒலியொப்புமை கருதி இன்சிடென்ஸ் என்று ஆங்கிலத்தில் எழுதினால் விமான இறக்கையின் கோணம்தான் நினைவுக்கு வரும். அவர்களுடைய ‘காஸோலியோ’ டீசல். அமெரிக்கரின் ‘காஸோலின்’ என்பதோ பெட்ரோல்.

எஸ்.ஏ.இ. என்ற வாகனப் பொறியாளர் அமைப்பு, வாகனப் பழுதுபார்ப்பு ஆவணங்களின் மொழிபெயர்ப்பை மதிப்பிட ‘ஜே2450’ என்ற அளவுகோலை வகுத்திருக்கிறது. அதில் கடுமையான தவறான சொல்லுக்கு 5 புள்ளி தண்டம். கடுமையான நிறுத்தக்குறிப் பிழைக்கு 2 மட்டுமே. நடையழகு கணக்கிலேயே வராது. பணிமனையில் கையில் ஸ்பேனருடன் படிப்பவரை மனத்தில் வைத்து அமைத்த அளவுகோல் என்பதால் இது எனக்கு மிகவும் நியாயமாகப் படுகிறது. மொழிபெயர்ப்பை இரண்டாமவர் ஒருவர் மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும் என்று மொழிபெயர்ப்புப் பணிகளுக்கான ஐ.எஸ்.ஓ. 17100 என்ற பன்னாட்டுத் தரநிலையும் கோருகிறது. ஆனால், அந்த இரண்டாமவருக்கும் அதே படமில்லாப் பட்டியலைத்தான் அனுப்புகிறார்கள் என்றால், முதலாமவரின் ஊகத்தை அவர் தம் ஊகத்தால் உறுதிப்படுத்துவார், அவ்வளவே.

ஆகவே, குறையை மொழிபெயர்ப்பாளர் மீதோ மென்பொருள் மீதோ மட்டும் சுமத்துவது முறையன்று. ஆவணத்தை அனுப்பும் நிறுவனம் உறுப்பின் வரைபடத்தையும், படிக்கப்போகிறவர் பிரிட்டிஷாரா அமெரிக்கரா என்ற தகவலையும் சேர்த்தே அனுப்ப வேண்டும். எஞ்சினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டி ஒருவருக்கு சம்ப், மற்றவருக்கு ஆயில் பான். வடிவமைப்பு இரகசியம் கருதிப் படம் தர இயலாதெனில், ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே அது எஞ்சினைச் சேர்ந்ததா, கியர்பாக்ஸைச் சேர்ந்ததா, சஸ்பென்ஷனைச் சேர்ந்ததா என்ற தொகுதிக் குறியீட்டையாவது தரலாம். உதிரிபாகங்களை வகைப்படுத்தி வைத்திருக்கும் எந்த நிறுவனத்திடமும் அந்தத் தகவல் ஏற்கெனவே இருக்கும். பட்டியலைப் பிரித்தெடுக்கும்போது அதையும் ஒரு நெடுவரிசையாகச் சேர்த்தால் போதும்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்