இரண்டாவது கப்பல்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. தாமதத்துக்கு முழங்காலைக் காரணம் சொல்லலாம். ஆனால் எழுதுவது கையால்தானே என்று நீ மடக்குவாய். வலது கால் அப்படியேதான் இருக்கிறது. மாடிப்படியில் நண்டு மாதிரி பக்கவாட்டில் ஏறுகிறேன், பேத்தி பின்னாலேயே அதே மாதிரி ஏறிக் காட்டுகிறாள். மற்றபடி எல்லாரும் சுகம். தங்கச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எங்களுக்கெல்லாம் நிம்மதி. ஒரு மாதம் அடுப்படிப் பக்கம் விடாதே. அதுவரை நீ சமைப்பதைச் சாப்பிட்டு அவள் வயிறு என்ன ஆகும் என்பது வேறு விஷயம்.

சரி, சண்டைக்கு வருவோம். விடுதி மொட்டைமாடியில் ஆரம்பித்ததை நாற்பது வருடம் கழித்தும் நீ விடுவதாக இல்லை. பழைய கிரேக்கத்தின் இரண்டு போட்டி ஊர்களில் நீ ஸ்பார்ட்டா கட்சி, நான் ஏதென்ஸ் கட்சி. அன்றைக்கு ஒழுங்கு, கட்டுப்பாடு என்று வாதாடினாய். இப்போது வயதுக்கேற்ற சாமர்த்தியத்தோடு வேறு மாதிரி கேட்டிருக்கிறாய்: உன் ஜனநாயக ஏதென்ஸ் மட்டும் ஊர் ஊராகக் கொன்று குவிக்கவில்லையா என்று. குவித்தது. மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கணக்கில் நீ தாண்டிப் போன ஓர் இரவு இருக்கிறது. இந்த மூன்று வாரமும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஏன் என்று அப்புறம் சொல்கிறேன்.

ஏதென்ஸ் தலைமையிலான கூட்டணிக் கதை உனக்குத் தெரிந்ததுதான். பாரசீகம் திரும்பி வந்துவிடக் கூடாது என்று கி.மு. 478இல் சேர்ந்த ஊர்கள். கப்பல் தர முடிந்தவர்கள் கப்பல் தந்தார்கள், மற்றவர்கள் பணம் கட்டினார்கள். பொதுப்பணம் டெலோஸ் தீவில் இருந்தது. 454இல் கஜானாவையே ஏதென்ஸுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அதன்பிறகு கூட்டணி என்பது பேச்சுக்குத்தான். விலகுகிறேன் என்று சொன்ன ஊருக்குக் கப்பற்படை வரும்.

லெஸ்போஸ் தீவின் மிட்டிலீனி, சொந்தக் கப்பல்களை வைத்துக்கொண்டிருந்த மிகச் சில ஊர்களில் ஒன்று. 428இல் அது விலகியது. ஏதென்ஸும் ஸ்பார்ட்டாவும் மோதிய போரின் நான்காவது ஆண்டு அது. கொள்ளைநோய் ஏதென்ஸைச் சூறையாடியிருந்தது, அதன் தலைவர் பெரிக்ளிஸ் முந்தைய வருடம்தான் செத்திருந்தார். அடிபட்டுக் கிடக்கும் நேரத்தில் சலுகையோடு வைத்திருந்த ஊரே முதுகில் குத்துகிறதே என்ற ஆத்திரம். உதவிக்கு வருவதாகச் சொன்ன உன் ஸ்பார்ட்டாக்காரர்களின் கப்பல்கள் ஆடி அசைந்து வந்து சேர்வதற்குள் மிட்டிலீனி விழுந்துவிட்டது. அது விழுந்த விதத்தைக் கவனி. ஊரை ஆண்டவர்கள் பணக்காரர்கள். உணவு தீர்ந்ததும் வேறு வழியில்லாமல், ஸ்பார்ட்டா அனுப்பியிருந்த தளபதி சாதாரண ஜனங்களின் கையில் முதல்முறையாகப் போர்க்கவசத்தைக் கொடுத்தான். ஆயுதம் கைக்கு வந்ததும் ஜனங்கள், பதுக்கிய தானியத்தை எடு, இல்லாவிட்டால் நாங்களே ஊரை ஒப்படைத்துவிடுவோம் என்றார்கள். முந்திக்கொண்டு ஆண்டவர்களே சரணடைந்தார்கள். இது 427.

பிடிபட்டவர்கள் ஏதென்ஸுக்கு வந்து சேர்ந்ததும் அங்கே பினிக்ஸ் குன்றில் சபை கூடியது. இந்தச் சபை எனக்கு அலுக்காத விஷயம். குடிமகன் எவனும் ஏறலாம், பேசலாம், கை தூக்கலாம். சபைக்கு வரவேண்டியதைத் தயார் செய்யும் 500 பேர் கொண்ட மன்றத்தைக் குலுக்கல் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். (உடனே நீ உத்திரமேரூர்க் குடவோலை என்று ஆரம்பிப்பாய். தெரியும், போன முறையும் ஆரம்பித்தாய்.) சந்தையில் வம்பளந்துகொண்டு நிற்பவர்களைச் சிவப்புச் சாயம் தோய்த்த கயிற்றால் வளைத்துக் குன்றின் பக்கம் ஓட்டுவார்களாம். பெண்களும் அடிமைகளும் வெளியூர்க்காரர்களும் இந்தக் கணக்கிலேயே வரமாட்டார்கள் என்பதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் அடுத்த கடிதத்தில் அதை வைத்தே என்னை அடிப்பாய்.

அன்று எடுத்த முடிவு: மிட்டிலீனியின் வயதுவந்த ஆண்கள் அத்தனை பேரையும் கொல்வது, பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக விற்பது. கலகம் செய்தவன், செய்யாதவன், தானியம் கேட்டு ஊரைத் திறக்கவைத்தவன் என்ற பேதமே இல்லை. அங்கிருந்த தளபதி பாக்கேஸுக்கு உத்தரவைக் கொண்டு ஒரு கப்பல் புறப்பட்டது. சபை கலைந்து எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள்.

அந்த இரவில் என்ன நடந்தது என்று யாரும் எழுதிவைக்கவில்லை. மறுநாளே ஊருக்கு மனம் மாறிவிட்டது, குற்றவாளிகளை மட்டும் தண்டிக்காமல் ஊரையே கொல்வது கொடூரம் என்று தோன்றிவிட்டது என்று இந்தப் போரின் வரலாற்றை எழுதிய தூசிடைடீஸ் சொல்வதோடு சரி. எத்தனை பேர் புரண்டு படுத்தார்களோ. யாருடைய மனைவி என்ன கேட்டாளோ. காலையில் மிட்டிலீனியின் தூதர்களும் அவர்களுக்கு வேண்டியவர்களும் அதிகாரிகளிடம் போய் மறுபடி சபையைக் கூட்டச் சொன்னார்கள். பெரும்பாலான ஜனங்களுக்கே அந்த ஆசை இருந்தது தெரிந்ததால் அதிகாரிகளும் கூட்டினார்கள்.

முதலில் கிளியோன் என்ற அரசியல்வாதி எழுந்தான். முந்தின நாள் தீர்மானம் அவனுடையது. உங்கள் சாம்ராஜ்யம் ஒரு கொடுங்கோல், அதை இரக்கத்தால் காப்பாற்ற முடியாது, இப்படித் தினம் ஒரு புத்தி இருப்பவர்கள் ஆளவே லாயக்கில்லை என்று சபையையே திட்டினான். அவனுக்குப் பதில் சொன்னவன் யூக்ரடீஸின் மகன் டயோடோட்டஸ். இந்த ஒரு பேச்சைத் தவிர வரலாற்றில் அவன் வேறெங்கும் தலைகாட்டுவதில்லை. வந்தான், பேசினான், போய்விட்டான்.

அவன் பேச்சில் இரக்கத்துக்கு இடமே கொடுக்கவில்லை. அவர்கள் எவ்வளவு பெரிய குற்றவாளிகளாக இருந்தாலும் நமக்கு லாபமில்லாமல் கொல்லச் சொல்லமாட்டேன் என்றான். எல்லா ஊர்களிலும் ஏழை ஜனங்கள் இன்றைக்கு நம் பக்கம், நமக்காகக் கதவைத் திறந்தவர்களையும் சேர்த்துக் கொன்றால் நாளைக்கு எவன் திறப்பான் என்று கேட்டான். மொட்டைமாடிக் காலத்தில் இதைப் படித்துவிட்டு, கடைசியில் இவனும் கணக்குப்பிள்ளைதானா என்று எனக்குக் கசந்தது. இப்போது அப்படி நினைக்கவில்லை. இரக்கத்தோடு வந்திருந்த கூட்டத்துக்கு, அதை வெட்கப்படாமல் செய்ய ஒரு சாக்கு வேண்டியிருந்தது. அவன் அந்தச் சாக்கைக் கொடுத்தான்.

கை தூக்கியபோது இரண்டு பக்கமும் ஏறத்தாழ சமம். மயிரிழையில் டயோடோட்டஸ் ஜெயித்தான்.

உடனே இரண்டாவது கப்பல். முதல் கப்பல் ஏறத்தாழ ஒரு பகலும் ஓர் இரவும் முந்திப் போய்விட்டது. கடலில் 340 கிலோமீட்டர் போல இருக்கும். ஒரு கப்பலுக்கு மூன்று அடுக்காக 170 பேர் துடுப்பு வலிப்பார்கள். வழக்கமாக இந்தக் கப்பல்கள் கரை ஒதுங்கித்தான் சாப்பாடும் தூக்கமும். இவர்கள் ஒதுங்கவில்லை. மிட்டிலீனித் தூதர்கள் திராட்சை மதுவும் பார்லி மாவும் ஏற்றி, நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தால் பெரிய வெகுமதி என்று சொல்லியிருந்தார்கள். மதுவும் எண்ணெயும் விட்டுப் பிசைந்த மாவைத் துடுப்பை விடாமலே தின்றார்கள், முறை வைத்துத் தூங்கினார்கள். எதிர்க்காற்றும் அடிக்கவில்லை. முன்னால் போன கப்பலோ அவசரமே படவில்லையாம், போகிற காரியம் அப்படி. துடுப்பு வலித்தவர்களில் பலர் ஏதென்ஸின் ஏழைக் குடிமக்கள், குன்றில் கை தூக்குகிற அதே வர்க்கம். முந்தின நாள் கொல்லச் சொல்லித் தூக்கிய கையாலேயே சிலர் அன்று துடுப்பைப் பிடித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

பாக்கேஸ் உத்தரவைப் படித்து முடித்து, நிறைவேற்றத் தயாரான நேரத்தில் இரண்டாவது கப்பல் துறைக்குள் வந்தது.

கதை சொல்பவர்கள் இங்கே நிறுத்திவிடுவார்கள். நான் நிறுத்தினால் நீ சும்மா விடமாட்டாய். கலகத்துக்குக் காரணமானவர்கள் என்று ஏதென்ஸுக்கு அனுப்பப்பட்டவர்களை, ஆயிரத்துக்குச் சற்று அதிகம் பேரை, கிளியோன் சொன்னபடியே கொன்றார்கள். ஊர் மதிலை இடித்தார்கள். அந்தத் தீவில் கலகத்தில் சேராத மெத்திம்னா ஊரின் நிலத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதை 3000 பங்காக்கி, 300 பங்கு சாமிக்கு, மிச்சத்தைத் தங்கள் ஆட்களுக்குக் கொடுத்தார்கள். பழைய சொந்தக்காரன் தன் நிலத்தையே உழுது குத்தகை கட்டினான். இரண்டாவது கப்பல் கொண்டுவந்தது அவ்வளவுதான்.

சரி, ஏன் மூன்று வாரம் என்று சொல்கிறேன். எங்கள் குடியிருப்பில் பதினோரு வருடமாக ஒரு காவலாளி இருந்தார். என் முழங்காலைப் பார்த்து, தண்ணீர் கேனை அவராகவே மாடிக்குக் கொண்டுவந்து வைப்பார். ஓர் இரவு கண்ணயர்ந்துவிட்டார், இரண்டு பைக் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம். பைக்கைப் பறிகொடுத்தவர்கள் கொதித்தார்கள், நிறுத்திவிடலாம் என்று ஒருவர் சொல்ல, கைகள் எழுந்தன. நானும் தூக்கினேன். சீக்கிரம் முடிந்தால் டீ குடிக்கப் போகலாம் என்பதைத் தவிர எனக்கு வேறு யோசனை இருந்ததாக நினைவில்லை. மறுநாள் காலை தண்ணீர் கேன் வழக்கம்போல வாசலில் இருந்தது. செயலாளரிடம் போய், இன்னொரு தடவை கூடிப் பேசலாமா என்று கேட்டேன். முடிந்த விஷயத்தை எதற்கு சார் கிளறுகிறீர்கள் என்றார். நானும் பேசாமல் வந்துவிட்டேன். ஒன்றாம் தேதி அவர் போய்விட்டார்.

இப்போது உன் ஸ்பார்ட்டா. அதே 427, அதே கோடைக்காலம், பிளாட்டியா. ஏதென்ஸின் சின்னஞ்சிறு தோழன். இரண்டு வருட முற்றுகை. அதில் ஒரு குளிர்கால இரவில் 212 பேர் தப்பினார்கள். எதிரி கட்டிய சுவரில் பூசாமல் விட்ட இடத்தில் செங்கல் வரிசைகளைப் பலர் தனித்தனியாக எண்ணி, ஒத்துப்போன எண்ணிக்கையை வைத்து ஏணி செய்தார்கள். மிச்சமிருந்தவர்கள் விசாரணை உண்டு என்ற வாக்கை நம்பிச் சரணடைந்தார்கள். ஐந்து ஸ்பார்ட்டா நீதிபதிகள் வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்: இந்தப் போரில் ஸ்பார்ட்டாவுக்கும் அதன் கூட்டாளிகளுக்கும் ஏதாவது நன்மை செய்தாயா? இல்லை என்றவனைத் தள்ளிக்கொண்டு போய்க் கொன்றார்கள். 200 பிளாட்டியர்களுக்குக் குறையாமல், 25 ஏதென்ஸ்காரர்கள். எல்லாம் ஸ்பார்ட்டாவின் கூட்டாளிகளான தீப்ஸ்காரர்களைத் திருப்திப்படுத்த. சபையில் யார் சத்தம் பெரிது என்று காதால் கேட்டு முடிவெடுக்கும் ஊர் அது. வருடா வருடம் ஹெலட் எனப்படும் தன் அடிமை உழவர்கள்மீதே போர் அறிவித்துக்கொள்ளும் ஊரும் அதுதான். அங்கே மறுநாள் காலை யாரும் யாரையும் எழுப்பியதாகத் தெரியவில்லை.

ரொம்ப ஆடாதே என்பாய். ஆடவில்லை. 421இல் ஸ்கியோனி என்ற ஊரில் ஏதென்ஸ் ஆண்கள் எல்லாரையும் கொன்றது. 416ஆம் வருடக் குளிர்காலத்தில் மீலோஸ் தீவில் அதையே செய்தது, பெண்களையும் குழந்தைகளையும் விற்றது, 500 பேரைக் குடியேற்றியது. அப்போதெல்லாம் இரண்டாவது கப்பல் புறப்படவில்லை. முதல் ஊர் விஷயத்தில் ஏதென்ஸுக்குத் தூக்கம் கெட்டது, பிறகு பழகிவிட்டது. நம் சண்டையில் நான் உன்னிடம் தோற்கும் இடம் இதுதான். ஒப்புக்கொள்ள நாற்பது வருடம் ஆகியிருக்கிறது.

தூக்கம் கெட்ட இன்னொரு இரவைப் பற்றி வரலாற்றாசிரியர் செனபோன் எழுதியிருக்கிறார். 405. ஈகோஸ்பொட்டாமியில் ஏதென்ஸின் கடைசிக் கப்பற்படையை ஸ்பார்ட்டாவின் தளபதி லைசாண்டர் பிடித்துவிட்டான். பாரலோஸ் என்ற அரசுக் கப்பல் இரவில் செய்தியோடு துறைமுகத்துக்கு வந்தது. ஒருவன் அடுத்தவனிடம் சொல்லச் சொல்ல, அழுகை நெடுமதில்கள் வழியாக ஊருக்குள் ஏறியது. அன்றிரவு யாரும் தூங்கவில்லை. செத்தவர்களுக்காக மட்டும் அல்ல. மீலோஸுக்கும் ஸ்கியோனிக்கும் தாங்கள் செய்தது தங்களுக்கு நடக்கப்போகிறது என்று பயந்து விழித்திருந்தார்கள்.

நடக்கவில்லை. ஸ்பார்ட்டாவின் கூட்டாளிகளான கொரிந்துவும் தீப்ஸும் ஏதென்ஸை அழித்தே தீரவேண்டும் என்றன. மறுத்தது ஸ்பார்ட்டா. கிரேக்கத்துக்குப் பேராபத்து வந்தபோது பெரிய நன்மை செய்த ஊரை அடிமையாக்கமாட்டோம் என்றார்கள். தீப்ஸ் கொழுத்துவிடக் கூடாது என்ற கணக்கும் உள்ளே இருந்திருக்கும். இருக்கட்டும், டயோடோட்டஸுக்கு நான் கொடுத்த மதிப்பெண்ணை உன் ஆட்களுக்கும் கொடுக்கிறேன். வாங்கிக்கொள்.

தை மாதம் கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னாலேயே வந்துவிடு. மாடி அறையைச் சுத்தம் செய்து வைக்கிறேன், ஏறுவது உன் பாடு.

இன்னொன்று. உன் அரிசி ஆலையில் இரவுக் காவலுக்கு ஆள் சரியாக அமையவில்லை என்று எழுதியிருந்தாயே, அது இன்னும் காலியாக இருக்கிறதா? எங்கள் காவலாளிக்குச் சொந்த ஊர் உன் பக்கம்தான். நேற்று அலைந்து போன் நம்பர் வாங்கிவிட்டேன். வயது ஐம்பத்தெட்டு. ஓர் இரவு தூங்கியதைத்தான் மேலே எழுதிவிட்டேனே. இதற்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்காதே, படித்ததும் போன் போடு.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்