தலைமன்னாருக்கு ரயில் பாதை இருக்கு, கப்பல் எங்க?

ஆசிரியருக்கு வணக்கம்,

காங்கேசன்துறையில இருந்து இந்தியாவுக்கு ஓடுற நாகபட்டினக் கப்பலைப் பற்றி உங்கட பேப்பரில அடிக்கடி வருது. 2023 ஒக்டோபரில தொடங்கி, இடையில நிண்டு, 2024 ஆகஸ்ட்டில திரும்ப ஓடத் தொடங்கின கப்பல். நானும் இவரும் அதில போய் வந்தனாங்கள், கப்பலை ஒரு குறையும் சொல்ல மாட்டன், ஆனா செட்டிகுளத்தில இருக்கிற நாங்கள் இந்தியா போறதுக்கு முதல்ல வவுனியா போய் ஏ9 ரோட்டால யாழ்ப்பாணம் போய் பிறகு காங்கேசன்துறை போகோணும், அங்க இருந்து கடல் ஏறத்தாழ 110 கிலோமீற்றர். மாரியில கடல் குழம்பினா அதுவும் இல்லை.

வேளாங்கண்ணிக்கும் தஞ்சாவூருக்கும் போறவைக்கு அந்தக் கப்பல் வசதிதான், அதை ஒத்துக்கொள்ளுறன். 1010இல ராஜராஜன் கட்டி முடிச்ச பெரிய கோயிலை இவர் அண்ணாந்து பாத்துக்கொண்டே நிண்டார், கூப்பிட்டாலும் வரேல்ல. பிறகு மதுரை, அங்க எனக்குச் சாறி, இவருக்குச் சாப்பாடு. ஆனா நாங்கள் உண்மையா போனது ராமேஸ்வரத்துக்கு. 22 தீர்த்தத்திலயும் வாளியால அள்ளி ஊத்தினதில நல்லாக் குளிந்துபோச்சு, நனைஞ்ச உடுப்போட அந்த நீட்டுப் பிரகாரத்தால நடந்து வரேக்க பாத்தா தூண் முடியிற இடமே தெரியேல்ல.

அடுத்த நாள் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் புயலில ஒரு பயணிகள் ரயிலையே கடல் கொண்டுபோன இடம், இடிஞ்ச சேர்ச் இண்டைக்கும் நிக்குது. அரிச்சல்முனை வரைக்கும் இப்ப நல்ல தார் ரோட். அதில நிண்டா தலைமன்னார் கிட்டத்தட்ட 30 கிலோமீற்றர்தான், இவற்ற போனுக்கு எங்கட ஊர் சிக்னல் வந்திட்டுது, உடன மகளுக்கு கோல் எடுத்துக் கதைச்சார். அவ்வளவு கிட்ட நிண்டுகொண்டு வீட்ட வாறதுக்கு திரும்ப நாகபட்டினம் போக பஸ்ஸில ஒரு பகல் முழுக்கப் போச்சு, எனக்கு வந்த விசரைச் சொல்லி வேலையில்லை.

1914இல ராமேஸ்வரத் தீவை இந்தியக் கரையோட இணைச்ச பாம்பன் ரயில் பாலம் திறந்த காலத்தில இருந்து மெட்ராஸில ஏறின ஆள் தனுஷ்கோடியில கப்பல் மாறி தலைமன்னாரில இறங்கி கொழும்பு ரயில் எடுக்கலாம், போட் மெயில் எண்டு சொல்லுவினம். புயலுக்குப் பிறகும் ராமேஸ்வரத்தில இருந்து ராமானுஜம் எண்ட கப்பல் ஓடினது, எங்கட மாமி அதில போனவ, கோயிலுக்கு எண்டு போய் எத்தினை படம் பாத்தவ எண்டு கேட்டா இப்பவும் சிரிப்பா. 80களில சண்டையோட எல்லாம் நிண்டுது.

இப்ப பாருங்கோ, 2015 மார்ச்சில தலைமன்னார் இறங்குதுறை வரைக்கும் ரயில் பாதையைத் திரும்பத் திறந்தாச்சு. அந்தப் பக்கம் 2025 ஏப்ரல் 6 பாம்பனில புதுப்பாலம், அண்டைக்குக் காலமை அனுராதபுரத்தில நிண்ட இந்தியப் பிரதமர்தான் அங்க போய்த் திறந்தவர். ரெண்டு பக்கமும் தண்டவாளம் ரெடி, நடுவில கப்பல்தான் இல்லை. தரைப்பாலம் போடுற கதையும் இடைக்கிடை வருது, அது வரேக்க வரட்டும், முதல்ல கப்பலை விடுங்கோ.

வந்த பிறகு நாங்கள் மன்னார் தீவிலயும் தங்கினாங்கள். பள்ளிமுனைப் பெருக்கமரம், போர்த்துக்கீசர் கட்டின கோட்டை, ரோட்டில கழுதை, தலைமன்னார்ப் பக்கம் வெள்ளைக்காரர் பட்டத்தைப் பிடிச்சுக்கொண்டு தண்ணியில சறுக்கினம். மாலைதீவுக்குக் காசு கட்டிப் போறவை இஞ்ச ஒருக்கா வந்து பாக்கலாம். ராமேஸ்வரத்துக்கு வாற சனத்தில கொஞ்சப்பேர் திருக்கேதீச்சரத்துக்கும் மடுவுக்கும் வந்தாலே எங்கட ஓட்டோக்காரருக்கும் கடைக்காரருக்கும் பிழைப்பு. சம்பந்தர் பாடின தலம் இஞ்ச இருக்கெண்டு அங்க கோயிலடியில கதைச்ச ஆக்களுக்குத் தெரியவே இல்லை.

கப்பல் வந்தா வலைக்கு என்ன நடக்கும் எண்டு மீன்பிடிக்கிற ஆக்கள் பயப்பிடினம், அது நியாயம், ஏற்கெனவே இந்திய ட்ரோலரால பட்ட பாடு காணும். அவையளை இருத்திக் கதைச்சுத்தான் பாதையும் நேரமும் குறிக்கோணும். வன்னி எம்பிமார் அடுத்த பட்ஜெட்டுக்கு முதல் இதைப் பாராளுமன்றத்தில கேட்டு, என்ன பதில் வந்தது எண்டு உங்கட பேப்பரிலயே எழுதட்டும்.

இப்படிக்கு,
செட்டிகுளம் வாசகி