போர்டிங் கேட்டில் வாங்கிக்கொண்ட பெட்டி

அனுப்புநர்
மாதம் மூன்று நான்கு முறை உங்கள் விமானத்தில் வந்துபோகும் வாடிக்கையாளர்,
தூத்துக்குடி.

பெறுநர்
குறைதீர்ப்பு அதிகாரி,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: மே 14, சென்னை – தூத்துக்குடி பிற்பகல் விமானம் தாமதமானதும், கேட்டில் வாங்கப்பட்ட கைப்பெட்டி சென்னையிலேயே விடப்பட்டதும் தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். இதே புகாரை உங்கள் ஆப்பில் உள்ள சாட்டில் மூன்று முறை எழுதிவிட்டேன். மூன்று முறையும் ஒரு பெண் பெயரில் பேசும் இயந்திரம் "உங்கள் சிரமம் புரிகிறது" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, விமானத்தின் தற்போதைய நிலவரத்தைப் பார்க்க ஒரு லிங்க் அனுப்பியது. விமானம் தரையிறங்கி ஒன்பது நாள் ஆகிறது. அதனால்தான் மனிதர் யாராவது படிப்பார் என்ற நம்பிக்கையில் இந்தக் கடிதம். டிக்கெட் எண்ணும் பெட்டியின் டேக் எண்ணும் இணைப்பில் இருக்கின்றன.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம். நான் தூத்துக்குடி துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்ட். கஸ்டம்ஸ் வேலை, கட்சிக்காரர் சந்திப்பு என்று சென்னைக்கு அடிக்கடி வர வேண்டியிருக்கும். முன்பெல்லாம் முத்துநகர் எக்ஸ்பிரஸ்தான். சாயங்காலம் எழும்பூரில் ஏறிப் படுத்தால் விடியும்போது ஊர். உங்கள் ஏடிஆர் விமானத்துக்கு மாறியது நேரத்தை மிச்சப்படுத்தத்தான். சின்ன விமானம், 78 சீட்டு, முழங்கால் முன்சீட்டில் இடிக்கும், தலைக்கு மேலுள்ள பெட்டியறை குட்டியாக இருக்கும். இதெல்லாம் எனக்குத் தெரியும். இவை எதுவும் என் புகார் கிடையாது. காசுக்கேற்ற தோசை என்று எடுத்துக்கொள்கிற ஆள் நான்.

அன்று நான் தனியாக வரவில்லை. 74 வயதான என் அம்மா கூட இருந்தார். முந்தின நாள் சென்னையில் அவருக்கு வலது கண்ணில் கண்புரை ஆபரேஷன் நடந்திருந்தது. கறுப்புக் கண்ணாடி, குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை சொட்டு மருந்து. டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி கேட்டிருந்தேன். அருகருகே உட்கார இரண்டு சீட்டுக்குத் தனியாகப் பணமும் கட்டியிருந்தேன்.

மீனம்பாக்கத்தில் நாற்காலி வர முப்பத்தைந்து நிமிடம் ஆனது. அதைத் தள்ளிவந்த பையனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஐந்து பேருக்கு ஒரே ஆளாக ஓடிக்கொண்டிருந்தான். விமானத்துக்கு அருகே வெயிலில் நிற்க வேண்டி வந்தபோது, தன் கையிலிருந்த ஃபைலை விரித்து அம்மாவின் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றான். யாரும் சொல்லி அவன் அதைச் செய்யவில்லை. உங்கள் கம்பெனியில் அன்று நான் பார்த்த ஒரே பயணிகள் சேவை அதுதான். அவன் உங்கள் நேரடி ஊழியன்கூட இல்லை, கான்ட்ராக்ட் ஆள் என்று சொன்னான்.

விமானம் கிளம்ப வேண்டிய நேரம் 2.40. ஒரு மணிக்கு வந்த மெசேஜில் 3.25 என்று இருந்தது. அப்புறம் 4.00 என்று வந்தது. கொஞ்ச நேரத்தில் 4.35 என்று இன்னொன்று. காரணம் மூன்றிலும் ஒன்றே: செயல்பாட்டுக் காரணங்கள். அந்த விமானம் அப்போது எந்த ஊரில் நிற்கிறது என்பதை என் செல்போனில் உள்ள ஒரு இலவச ஆப் காட்டிக்கொண்டிருந்தது. கவுன்டரில் இருந்தவரோ தெரியாது என்றார். இரண்டரை மணி நேரம் வரையிலான பயணத்தில் தாமதம் இரண்டு மணி நேரத்தைத் தொட்டால் பயணிகளுக்குச் சாப்பாடோ சிற்றுண்டியோ தர வேண்டும் என்பது சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி. அதைக் கேட்டேன். "சார், சிஸ்டத்துல டிலே ஒன்னு அம்பத்தஞ்சுதான் காட்டுது" என்றார். 2.40-க்கும் 4.35-க்கும் இடையே ஒரு மணி ஐம்பத்தைந்து நிமிடம். கணக்கு சரிதான். விமானம் உண்மையில் மேலே ஏறியபோது 5.05. இரண்டு மணி நேரத்துக்கு அந்த ஐந்து நிமிடம் தற்செயலாகக் குறைந்ததா, யோசித்துக் குறைத்ததா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

போர்டிங் கேட்டுக்கு வருகிறேன். பஸ்ஸில் ஏறும் முன் உங்கள் ஊழியர் ஒருவர் கையில் டேக் கட்டோடு நின்று, சக்கரம் வைத்த கைப்பெட்டிகளை எல்லாம் வாங்கிக்கொண்டிருந்தார். ஏழு கிலோவுக்கு உட்பட்டதுதான் என்னுடையது. செக்-இன்னில் எடைபோட்டு டேக் ஒட்டியதும் உங்கள் ஆட்கள்தான். "ஏடிஆர்ல மேல இடம் பத்தாது சார், குடுத்துருங்க, இறங்கின உடனே வந்துரும்" என்றார். உள்ளே மருந்து இருக்கிறது என்றேன். எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தால் எடுத்திருப்பேன். அவர் அதற்குள் டேக்கைக் கிழித்து ஒரு துண்டை என் கையில் வைத்துவிட்டு, பின்னால் நின்றவரின் பெட்டிக்குக் கை நீட்டிவிட்டார். பஸ் கிளம்புகிறது என்று இன்னொருவர் சத்தம் போட்டார். அம்மாவைப் பிடித்துக்கொண்டு நானும் ஏறிவிட்டேன். இதில் என் தப்பும் உண்டு. ஒரு நிமிடம் நின்று ஜிப்பைத் திறந்திருக்க வேண்டும்.

உள்ளே போனால் சீட்டும் மாறியிருந்தது. அம்மாவுக்கு மூன்றாவது வரிசை, எனக்குப் பதினேழாவது. விமானம் மாறிவிட்டதாம். மாறி வந்து நாங்கள் ஏறியதும் அதே ஏடிஆர்தான். பக்கத்தில் இருந்த கல்லூரிப் பெண் தானாக எழுந்து இடம் கொடுத்ததால் அந்தச் சிக்கல் தீர்ந்தது. நான் கட்டிய சீட்டுப் பணம் மட்டும் உங்களிடமே இருக்கிறது.

கதவைச் சாத்தாமல் நாற்பது நிமிடம் தரையிலேயே நின்றோம். பெரிய விமானங்களில் தரையில் நிற்கும்போது ஏசி ஓட்ட வாலில் தனியாக ஒரு சிறு இன்ஜின் இருக்கும். ஏடிஆரில் அது கிடையாது. வலப்பக்க இன்ஜினை ஓட்டி, அதன் விசிறி சுழலாமல் பிரேக் போட்டுப் பிடித்துக்கொண்டுதான் காற்றுக் கொடுக்க வேண்டும். அன்று அதையும் ஓட்டவில்லை. மே மாதச் சென்னை, தார் தளம், தகரக் குழாய் மாதிரி ஒரு விமானம். சீட்டுப் பையில் இருந்த பாதுகாப்பு அட்டையை எடுத்து எல்லோரும் விசிறிக்கொண்டோம். பார்ப்பதற்குக் கோயில் கொடையில் பந்திக்குக் காத்திருக்கும் கூட்டம் மாதிரி இருந்தது. கண்ணாடிக்குக் கீழே வியர்வை வழிந்து கண்ணில் இறங்கிவிடுமோ என்று அம்மாவின் நெற்றியை ஒற்றிக்கொண்டே வந்தேன். அறிவிப்பு எல்லாம் ஆங்கிலத்திலும் இந்தியிலும். தூத்துக்குடிக்குப் போகும் விமானத்தில் தமிழில் காதில் விழுந்தது "வணக்கம்" ஒன்றுதான். "என்னய்யா சொல்லுதாவ?" என்று அம்மா ஒவ்வொரு தடவையும் கேட்டார். பாதி அறிவிப்பு எனக்கே புரியவில்லை.

எங்கள் ஊர் விமான நிலையமான வாகைகுளத்தில் இறங்கினோம். ஆறரை மணி. பெல்ட் அருகே நின்றோம். பத்துப் பன்னிரண்டு பெட்டிகள் வந்தன, உரியவர்கள் எடுத்துக்கொண்டு போனார்கள். அப்புறம் கயிறு கட்டிய ஒரு அட்டைப்பெட்டி மட்டும் சுற்றிச் சுற்றி வந்தது. அது யாருடையது என்று தெரியவில்லை, யாரும் எடுக்கவும் இல்லை. நாங்கள் பதினொரு பேர் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். இருபது நிமிடம் கழித்து பெல்ட்டை நிறுத்திவிட்டார்கள். "ஏய்யா, மருந்துப் பை எங்கய்யா?" என்று அம்மா கேட்டார். அந்த நேரத்துக்கு ஒரு சொட்டு விட்டிருக்க வேண்டும்.

ஊழியரைத் தேடிப் பிடித்தால், "லோட் ரெஸ்ட்ரிக்‌ஷன் சார், நாளைக்கு ஃப்ளைட்ல வரும்" என்றார். வெயில் கூடினால் காற்று லேசாகும், இறக்கைக்குத் தூக்கும் பலம் குறையும், எடையைக் குறைத்துத்தான் கிளம்ப முடியும். இது எனக்குப் புரியாத விஷயம் அல்ல. பாதுகாப்புக்காகப் பெட்டிகளை இறக்கியதற்கு நான் சண்டை போடவில்லை. இன்னும் பத்துப் பெட்டியை இறக்கியிருந்தாலும் சரிதான். ஆனால் எவ்வளவு எடை ஏறியிருக்கிறது என்ற லோட் ஷீட் கேப்டன் கைக்குப் போகாமல் விமானம் நகராது. அப்படியென்றால் சென்னையில் நாங்கள் வியர்த்துக்கொண்டிருந்தபோதே எங்கள் பெட்டி வரவில்லை என்று உங்களுக்குத் தெரியும். கதவும் அப்போது திறந்துதான் இருந்தது. "இந்த டேக் எண்கள் வரவில்லை, மருந்து வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்" என்று ஒரே ஒரு வரி சொல்லியிருந்தால் நான் இறங்கி ஓடிப்போய் எடுத்து வந்திருப்பேன். நான் இறங்க முடியாவிட்டாலும் லோடர் ஒருவர் எடுத்துத் தந்திருக்கலாம்.

என் தொழிலில் இதற்கு ரோல் ஓவர் என்று பெயர். கப்பலில் இடமோ எடையோ பத்தாமல் ஒரு கன்டெய்னரை அடுத்த கப்பலுக்குத் தள்ளுவது. சீசனில் அடிக்கடி நடக்கும். தூத்துக்குடியில் ஏற வேண்டிய பெட்டி ஏறாவிட்டால் கொழும்பில் பெரிய கப்பலையும் தவறவிடும். அந்தச் சேதியைக் கட்சிக்காரருக்கு முதலில் சொல்ல வேண்டியவன் நான். ராத்திரி இரண்டு மணியானாலும் போன் போட்டுத் திட்டு வாங்கிக்கொள்வேன். பெட்டி நகரவில்லை என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு, அவர் அந்தப் பக்கம் லாரியோடு போய் நிற்கட்டும் என்று விட்டால், அடுத்த ஷிப்மென்ட் என் கைக்கு வராது. உப்புக்கும் மீனுக்கும் பருத்திக்கும் நாங்கள் கொடுக்கிற மரியாதையைத்தான் உங்களிடம் எதிர்பார்க்கிறேன்.

அன்று ராத்திரி பாளையங்கோட்டை ரோட்டில் மூன்று மருந்துக் கடை ஏறி இறங்கினேன். இரண்டு மருந்து கிடைத்தது, மூன்றாவது அந்தப் பெயரில் இல்லை. டாக்டரைப் போனில் பிடித்து மாற்று மருந்து கேட்டு வாங்கி அம்மா கண்ணில் விட்டபோது மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது. கண்ணுக்கு எதுவும் ஆகவில்லை. ஆகியிருந்தால் இந்தக் கடிதம் வேறு முகவரிக்குப் போயிருக்கும். பெட்டி மறுநாள் ராத்திரி வந்தது, அதுவும் "நீங்களே வந்து எடுத்துக்கோங்க" என்று சொன்னவரிடம் அரை மணி நேரம் வாதாடிய பிறகு. எங்கெங்கே வெயிலில் கிடந்ததோ தெரியாத மருந்தைக் கண்ணில் விட முடியாது. தூக்கிப் போட்டுவிட்டேன்.

எங்கள் ஊருக்குப் பயணிகள் சேவை என்றால் என்ன என்று தெரியாமல் இல்லை. 1906-இல் வ.உ.சி. இங்கேதான் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். கொழும்புப் பாதையில் அவரை ஒழிக்க வெள்ளைக்காரக் கம்பெனி டிக்கெட் விலையைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் சும்மாவே ஏற்றிக்கொண்டு கையில் ஒரு குடையும் கொடுத்தது என்று எங்கள் ஊரில் இன்றும் சொல்வார்கள். போட்டி இருந்தால் குடைகூடக் கிடைக்கும் போலிருக்கிறது. அன்று அந்த வெயிலில் எங்களுக்குக் கிடைத்தது ஒரு ஃபைல்.

சரி, எனக்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். சீட்டுக்குக் கட்டிய பணமும் மருந்துக்கு ஆன 640 ரூபாயும் திரும்ப வர வேண்டும். பில் இணைத்திருக்கிறேன். ஐந்நூறு ரூபாய் வவுச்சர் அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவேன். எங்கள் பெட்டிகளை இறக்கும் முடிவு எத்தனை மணிக்கு எடுக்கப்பட்டது, அது கேபின் ஊழியர்களுக்குத் தெரியுமா தெரியாதா என்று எழுத்தில் பதில் வேண்டும். அதைவிட முக்கியம், கேட்டில் டேக் கட்டோடு நிற்பவருக்கு நீங்கள் ஒரு கேள்வியைச் சொல்லிக்கொடுக்க வேண்டும்: "மருந்து ஏதாவது இருக்கா?" அவ்வளவுதான். இதற்குப் புது விமானம் வாங்க வேண்டாம், சீட்டை அகலமாக்க வேண்டாம்.

முப்பது நாள் பார்ப்பேன். பதில் வராவிட்டால் விமானப் பயணிகள் புகாருக்கான மத்திய அரசின் ஏர்சேவா தளத்தில் பதிவு செய்வேன். அதுவும் நகராவிட்டால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், இந்தத் தொகைக்கெல்லாம் கட்டணமும் கிடையாது. உங்கள் வக்கீல் சென்னையிலிருந்து வர வேண்டியிருக்கும். உங்கள் விமானத்தில் வந்தால் வாய்தாவுக்கு நேரத்துக்கு வந்து சேர்வாரா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

ஜூன் 16-ஆம் தேதி அம்மாவைச் செக்-அப்புக்கு அழைத்து வர வேண்டும். அன்றைய நேரத்துக்கு ஒத்துவருவது உங்கள் காலை விமானம்தான் என்பதால் அதிலேயே டிக்கெட் போட்டிருக்கிறேன். சக்கர நாற்காலியும் கேட்டிருக்கிறேன். சொட்டு மருந்தை இந்தத் தடவை சட்டைப்பையில் வைத்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
தூத்துக்குடித் துறைமுகக் கிளியரிங் ஏஜென்ட் ஒருவர்
மே 23

இணைப்பு: டிக்கெட் நகல், கேட்டில் கொடுத்த டேக் துண்டு, மருந்துக் கடை பில், மூன்று தாமத மெசேஜ்களின் ஸ்கிரீன்ஷாட்.